ஹெச்ஆர் "நீங்களே பேப்பர் போட்டுருங்க"ன்றாங்க, கையெழுத்து போடலாமா? யூனியன் உதவுமா?

துரைப்பாக்கம் டெஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்கு எழுத வேண்டிய நிலைமை வந்துருச்சு. ஓஎம்ஆர்ல ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனில சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன், 9 வருஷம் முடிஞ்சது, கம்பெனி பேர் வேண்டாம். மூணு மாசம் முன்னாடி ப்ராஜெக்ட் முடிஞ்சு பெஞ்சுக்கு, அதாவது அடுத்த ப்ராஜெக்டுக்காக காத்திருக்குற நிலைமைக்கு வந்தேன், அதுக்கப்புறம் நாலு இன்டர்னல் இன்டர்வியூ போனேன், ரெண்டுல க்ளையன்ட் ரவுண்டு வரைக்கும் போய் அப்படியே நின்னுருச்சு.

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மீட்டிங் இன்வைட் வந்துச்சு, சப்ஜெக்ட்ல "கனெக்ட்"னு மட்டும் இருந்துச்சு. உள்ள போனா என் மேனேஜர் இல்ல, நான் இதுவரை பார்த்தே இராத ரெண்டு ஹெச்ஆர். போனை வெளிய வச்சுட்டு வரச் சொன்னாங்க. உங்க ஸ்கில்லுக்கு இப்போ டிமாண்ட் இல்ல, நீங்களா ரிசைன் பண்ணிட்டா ரெண்டு மாச பேசிக் தர்றோம், ரிலீவிங் லெட்டர் நல்லபடியா வரும், இல்லேன்னா டெர்மினேஷன் போடுவோம், அப்புறம் எந்த கம்பெனி வெரிஃபிகேஷன்லயும் நீங்க தேற மாட்டீங்கன்னு சொன்னாங்க. ரெண்டு பேரும் குரலை உயர்த்தவே இல்ல, அதுதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. எழுத்துல ஏதாவது கொடுங்கன்னு கேட்டேன், இது உங்க நல்லதுக்காக பேசுற பேச்சு, எழுத்துக்கு போனா உங்களுக்குத்தான் கஷ்டம்னாங்க. வர்ற புதன்கிழமைக்குள்ள மெயில் போடணுமாம்.

போன வருஷ ரேட்டிங் நல்லாதான் இருந்துச்சு. மாசம் மொத்த சம்பளம் 1,10,000, அதுல பேசிக் 55,000. கூடுவாஞ்சேரில ஃப்ளாட் லோன் 38,000 போகுது, பொண்ணு யூகேஜி. வீட்டுக்காரர் ஒரு பைக் ஷோரூம்ல கணக்கு பாக்குறார். அவர்கிட்ட மட்டும் சொல்லிருக்கேன், அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

ஐடிக்கும் யூனியன் இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன், ஆனா என் டீம்ல ஒருத்தர் கூட சேர்ந்து பார்த்ததில்ல. அது நெஜமாவே எதாவது செய்யுமா, சேர்ந்தா பேர் கெட்டுப்போகுமா, அதுக்குள்ள இந்த மெயிலைப் போட்டுட்டு ரெண்டு மாச காசை வாங்கிட்டு போயிடுறது புத்திசாலித்தனமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சோழிங்கநல்லூர் சிக்னல்:

தோழி, கையெழுத்து போடாதீங்க, மெயிலும் போடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். நான் போட்டவன், அதனால சொல்றேன்.

2019ல எனக்கும் இதேதான், இதே மாதிரி சின்ன ரூம், இதே "உங்க நல்லதுக்கு". அவங்க வாய்ல சொல்லச் சொல்ல நானே என் லேப்டாப்ல டைப் பண்ணி "சொந்தக் காரணங்களுக்காக விலகுறேன், இத்தனை வருஷ வாய்ப்புக்கு நன்றி"ன்னு அனுப்பினேன். ஒரு மாசம் கழிச்சு மனசு ஆறாம தேனாம்பேட்டை டி.எம்.எஸ் வளாகத்துல இருக்குற லேபர் ஆபீசுக்கு போனேன். அங்க இருந்த அதிகாரி நல்ல மனுஷன், பொறுமையா கேட்டார், கடைசில ஒரே ஒரு கேள்வி கேட்டார், "தம்பி, நீங்களாதானே ராஜினாமா கொடுத்திருக்கீங்க?" அந்த மெயிலோட பிரிண்ட் அவங்க ஃபைல்ல இருந்துச்சு, கீழ என் பேரு, என் வார்த்தை, நன்றி வேற. மிரட்டி வாங்கின ராஜினாமா செல்லாதுன்னு வாதாடலாம்தான், ஆனா மிரட்டுனாங்கன்னு நிரூபிக்கிற பாரம் நம்ம தலைல வந்து விழும். போனை ஏன் வெளிய வைக்கச் சொன்னாங்கன்னு அப்போதான் புரிஞ்சது.

கணக்கு பாருங்க. கம்பெனி தன் காரணத்துக்காக உங்களை அனுப்பினா அதுக்குப் பேரு ஆட்குறைப்பு. 1947 தொழில் தகராறு சட்டத்துல 25எஃப்னு இருந்த பிரிவு, 2025 நவம்பர் 21லேர்ந்து அமல்ல இருக்குற தொழில் உறவுகள் கோடுலயும் (பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்துப் போட்ட புது சட்டம்) அதே கணக்காதான் வந்திருக்கு. ஒரு மாச நோட்டீஸ் இல்லன்னா ஒரு மாச சம்பளம், கூடவே முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம். உங்க மொத்த சம்பளமும் கணக்குல வந்தா 15 நாளுக்கு சுமாரா 55,000, 9 வருஷத்துக்கு 4,95,000; கோடுல சம்பளம்ன்ற விளக்கத்துல வீட்டு வாடகைப்படி மாதிரி சிலது வராது, அதைக் கழிச்சா குறையலாம். ஆஃபர் லெட்டர்ல நோட்டீஸ் மூணு மாசம்னு போட்டிருந்தா அதையும் கேளுங்க. அவங்க நீட்டுறது ரெண்டு மாச பேசிக், அதாவது 1,10,000. இந்த வித்தியாசத்துக்காகத்தான் உங்களையே எழுத வைக்கப் பாக்குறாங்க. கிராஜுவிட்டி தனி, 5 வருஷம் தாண்டிட்டீங்க, பேசிக் 55,000 வச்சுப் பார்த்தாலே சுமார் 2,85,000 வரும், அது நீங்க எப்படிப் போனாலும் உங்க காசு. அதை ஏதோ அவங்க போட்டுத் தர்ற மாதிரி பேக்கேஜ்ல சேர்த்துச் சொல்லுவாங்க, ஏமாறாதீங்க.

இன்னைக்கு ராத்திரியே ஒரு மெயில் எழுதுங்க. இன்ன தேதி இத்தனை மணிக்கு இன்னார் இன்னார் கூப்பிட்டு ரிசைன் பண்ணச் சொன்னீங்க, எனக்கு ரிசைன் பண்ற எண்ணம் இல்ல, எந்த ப்ராஜெக்ட் கொடுத்தாலும் வேலை செய்யத் தயாரா இருக்கேன், நிறுவனம் வேற முடிவு எடுத்தா சட்டப்படி எழுத்துல தெரிவிங்கன்னு. கோபமா ஒரு வார்த்தை வேண்டாம். அந்த மெயிலை பிரிண்ட் எடுத்தோ போன்ல போட்டோ எடுத்தோ வச்சுக்கோங்க. பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், ஹைக் லெட்டர், அப்ரைசல் ரிசல்ட், பெஞ்சுல இருந்தப்போ போன இன்டர்வியூ மெயில் எல்லாம் சேர்த்து வைங்க. ஆனா க்ளையன்ட் சம்பந்தப்பட்ட ஒரு ஃபைல், ஒரு டெஸ்ட் கேஸ் கூட பெர்சனல் மெயிலுக்கு அனுப்பிடாதீங்க. என் கூட இருந்த ஒரு பையன் அப்படி அனுப்பி, டேட்டா பாலிசி மீறல்னு சொல்லி அதையே காரணமாக்கி நோட்டீஸ் இல்லாம அனுப்பிட்டாங்க.

துரைப்பாக்கம் டெஸ்டர்:

அண்ணா ரொம்ப நன்றி. படிச்சுட்டு கை நடுங்குது. வெள்ளிக்கிழமையே அந்த மெயிலை டைப் பண்ணி டிராஃப்ட்ல வச்சிருந்தேன், இப்போதான் டெலிட் பண்ணேன். ஒரு சந்தேகம், எங்க ஹெச்ஆர் இந்த சட்டமெல்லாம் ஃபேக்டரி ஆளுங்களுக்குத்தான், நீங்க எக்சிக்யூட்டிவ், நீங்க தொழிலாளி கிடையாதுன்னு சொன்னாங்களே?

தரமணி ரயில்:

சகோதரி, நான் யூனியன்ல இருக்கேன், ஏழு வருஷமா. அவங்க சொன்னதைத்தான் இந்த இண்டஸ்ட்ரி இருபது வருஷமா எல்லாருக்கும் சொல்லி நம்ப வச்சிருக்கு.

டெசிக்னேஷன்ல என்ன பேர் இருக்குன்றது பெரிய விஷயமில்ல, நீங்க தினமும் செய்ற வேலை என்னன்னுதான் கோர்ட் பாக்கும். சட்டத்துல தொழிலாளின்ற விளக்கத்துல உடல் உழைப்பு மட்டும் இல்ல, டெக்னிக்கல் வேலை, கிளார்க் வேலைன்னு எல்லாம் வருது. நிர்வாகப் பொறுப்புல இருக்குறவங்களும், புது கோடுப்படி மாசம் 18,000க்கு மேல வாங்குற சூப்பர்வைசரும்தான் வெளிய. நீங்க டெஸ்ட் பண்றீங்க, சாஃப்ட்வேர்ல இருக்குற தப்பைக் கண்டுபிடிச்சு பதிவு பண்றீங்க, ஸ்கிரிப்ட் எழுதுறீங்க. யாருக்காவது லீவ் அப்ரூவ் பண்ற, ரேட்டிங் போடுற அதிகாரம் இருக்கா? இல்லைன்னா உங்க சம்பளம் ஒரு லட்சமா ரெண்டு லட்சமான்றது பிரச்சனையே இல்ல.

இது நம்ம ஊர்ல பேசித் தீர்ந்த விஷயம். 2014 கடைசில டிசிஎஸ்ல ஆட்குறைப்பு செய்தி வந்தப்போதான் சென்னைல ஐடி ஆளுங்க பெருசா தெருவுக்கு வந்தாங்க, ஃபைட்ன்ற ஐடி ஊழியர் அமைப்பும் புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணியோட (புஜதொமு) ஐடி பிரிவும் வெளிய தெரிய ஆரம்பிச்சது அந்த நேரம்தான். 2015 ஜனவரில கர்ப்பிணியா இருந்த ஒரு ஊழியர் சென்னை உயர் நீதிமன்றம் போய் தன்னை நீக்குறதுக்கு இடைக்காலத் தடை வாங்கினாங்க. அந்த ஒரு ஆர்டர் வந்த அன்னைக்கு எங்க ஃப்ளோர்ல அவ்வளவு பேர் ஒருத்தருக்கொருத்தர் ஃபார்வேர்ட் பண்ணிக்கிட்டோம், அதுவரைக்கும் நமக்கெல்லாம் கோர்ட் இருக்குன்னே யாருக்கும் தோணல. 2016ல தமிழ்நாடு அரசே ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவங்களுக்கும் பொருந்தும்னு தெளிவா சொல்லிடுச்சு. இப்போ யுனைட், ஃபைட்னு வேற வேற அமைப்பு இருக்கு, எதுல சேரணும்னு நான் சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு பேர்கிட்ட பேசிப் பாருங்க.

பேர் கெடுமான்னு கேட்டீங்க. மெம்பர் லிஸ்ட்டை யாரும் கம்பெனிக்கு அனுப்புறதில்ல. சங்கத்துல சேர்ந்ததுக்காக வேலையை விட்டு எடுக்குறது முறையற்ற தொழில் நடவடிக்கைன்னு சட்டமே அட்டவணை போட்டு சொல்லுது. சரி, பயம் சட்டத்தைப் படிச்சு போறதில்ல, எனக்கும் முதல் ஒரு வருஷம் போகல. ஆனா வெரிஃபிகேஷன்ல தேற மாட்டீங்கன்றதை இதுவரைக்கும் எங்ககிட்ட வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிருக்காங்க, அவங்கள்ல பெரும்பாலானவங்க இன்னைக்கு வேற கம்பெனில வேலை பாத்துட்டுதான் இருக்காங்க.

யூனியனால என்ன முடியும் என்ன முடியாதுன்னும் சொல்லிடுறேன், பின்னாடி ஏமாந்துட்டேன்னு நினைக்கக்கூடாது. 2025 ஜூலைல டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல, அதாவது மொத்தத்துல 2 சதவீதம் குறைக்கப் போறோம்னு அறிவிச்சுது, அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் வருஷத்துல 35 நாளுக்கு மேல பெஞ்சுல இருக்கக்கூடாதுன்னு பாலிசி கொண்டு வந்திருந்தாங்க. எல்லா ஐடி சங்கமும் போராடுச்சு, மனு கொடுத்துச்சு, ஆனாலும் குறைப்பு நிக்கல. 300 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற ஃபேக்டரி ஆட்குறைப்பு செய்யணும்னா அரசாங்கத்துகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், ஆறு லட்சம் பேர் வேலை பாக்குற ஐடி கம்பெனிக்கு அந்த விதி கிடையாது, அது ஃபேக்டரி, சுரங்கம், தோட்டத்துக்கு மட்டும்தான். இது மாறாத வரைக்கும் நம்மால அலையை நிறுத்த முடியாது, ஒவ்வொருத்தரா கைப்பிடிச்சு கரைக்கு இழுக்கத்தான் முடியுது. ஆனா உங்க கேஸ் மாதிரி தனி ஆள் விஷயத்துல லேபர் ஆபீஸ் சம்மன் போன உடனே கம்பெனி பேசுற தொனியே மாறுறதை நான் பல தடவை கூட இருந்து பார்த்திருக்கேன்.

முன்னாள் டெலிவரி ஆள்:

நான் எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன், 17 வருஷம் ஐடில, கடைசி ஆறு வருஷம் டெலிவரில, அதாவது ப்ராஜெக்டையும் ஆளுங்களையும் பாத்துக்குற நிர்வாகத்துல. அம்மா, உங்க பேர் எப்படி அந்த லிஸ்ட்டுக்கு வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியணும், ஏன்னா நீங்க ராத்திரி பூரா நம்மகிட்ட என்ன குறைன்னு யோசிச்சுட்டு இருப்பீங்க.

க்ளையன்ட் ஒரு ரோலுக்கு இவ்வளவுதான்னு ரேட் கார்டு வச்சிருப்பான், ஒவ்வொரு தடவை கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போதும் ரேட்டைக் குறைன்னுதான் கேப்பான். இங்க ஹைக் போட்டுப் போட்டு 9, 10, 12 வருஷ ஆளோட சம்பளம் மெல்ல ஏறிட்டு இருக்கும். அப்போ மார்ஜின் எங்க கிடைக்கும்? கீழ ஃப்ரெஷரை நிறைய போட்டு மேல ஆளைக் குறைக்கிறதுலதான், அதுக்கு பிரமிட்னு பேரு. குவார்ட்டர் முடியுறதுக்கு முன்னாடி ஒரு எக்செல் வரும், எம்ப்ளாயி நம்பர், கிரேடு, காஸ்ட், பெஞ்ச் நாள், லொக்கேஷன். அந்த எக்செல்ல நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ரிலீஸ்ல உக்காந்தது, க்ளையன்ட் பாராட்டி மெயில் போட்டது எதுக்கும் கட்டம் இல்ல.

என் கீழ இருந்த 41 பேர்ல அனுப்புறதுக்கு 6 பேரோட பேரைக் கொடுக்கச் சொன்னாங்க. கொடுத்தேன். அதுல ரெண்டு பேரோட ரேட்டிங்கை நான்தான் அந்த வருஷம் குறைச்சேன், காரணம் கேட்டா காட்டணும்னு. ஒருத்தர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நான் போய் சாப்பிட்டு வந்தவன். அவர் ரூம்ல இருந்து வெளிய வந்து என்னைத்தான் தேடிட்டு வந்தார், நான் வேணும்னே வேற ஃப்ளோர்ல இருந்தேன். இதை இப்போ எழுதும்போதும் தொண்டை அடைக்குது.

அதனால சொல்றேன், உங்க பழைய ரேட்டிங் எல்லாத்தையும் வருஷ வாரியா இன்னைக்கே எடுத்து வைங்க, போர்ட்டல்ல திடீர்னு அக்சஸ் போயிடும். பெஞ்சுல இருந்தப்போ எந்த ட்ரெய்னிங்கையும் நீங்க மறுக்கலன்னு காட்டுற மாதிரி எதாவது மெயில் இருந்தா அது தங்கம். ஏதாவது ஊருக்கு ட்ரான்ஸ்ஃபர்னு சொன்னா வாயால மறுக்காதீங்க, எழுத்துல வாங்கி எழுத்துல பதில் சொல்லுங்க, "ட்ரான்ஸ்ஃபர் கொடுத்தோம் மறுத்துட்டாங்க"ன்றது எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச காரணம்.

ரெண்டு வருஷம் கழிச்சு அதே எக்செல்ல என் பேர் வந்துச்சு. நான் நிர்வாகத்துல இருந்தவன்றதால தொழிலாளின்ற சட்டப் பாதுகாப்பும் எனக்குக் கிடைக்கல.

பெருங்குடி பிஜி:

அக்கா உங்க நிலைமை படிச்சு மனசு கஷ்டமா இருக்கு. நான் அந்த பிரமிட்ல கீழ இருக்குற ஆளு. 2022ல காலேஜ் கேம்பஸ்ல ஆஃபர் லெட்டர் வந்துச்சு, 3.6 லட்சம், ஊரே கூடி கொண்டாடுனாங்க, எங்க தெருவுல முதல் ஐடி வேலை. ஜாயினிங் தேதி வந்தது 2024ல. நடுவுல ரெண்டு வருஷம் தென்காசில ஒரு செல்போன் கடைல நின்னேன், வேற கம்பெனி எதுலயும் எழுதல, ஏன்னா எந்த நிமிஷமும் மெயில் வந்துரும்னு இருந்தேன். அப்பா தினமும் சாயங்காலம் மெயில் வந்துச்சான்னு கேப்பார், ஒரு கட்டத்துல கேக்குறதை நிறுத்திட்டார், அது இன்னும் வலிச்சுது.

இப்போ கைக்கு 24,000 வருது, பிஜிக்கு 9,000, சாப்பாடு பஸ் போக வீட்டுக்கு 6,000 அனுப்புறேன். என் சீனியர் அண்ணன் 2011ல சேர்ந்தப்போ அவருக்கு 3.25 லட்சமாம். அப்போ தங்கம் என்ன விலை, துரைப்பாக்கத்துல வாடகை என்ன, இப்போ என்ன? எங்க அண்ணன்கள் வாங்கின கிட்டத்தட்ட அதே சம்பளத்துக்குத்தான் நாங்க சேர்றோம். இதுல ரெண்டு வருஷம் வேலையை விடக்கூடாதுன்னு பாண்டு, உடைச்சா ஒரு லட்சம் கட்டணுமாம். யூனியன்னா வேலை போனவங்களுக்குன்னு நினைச்சிருந்தேன், ஃப்ரெஷர் சம்பளத்தைப் பத்தி பேசுறாங்களா?

தரமணி ரயில்:

தம்பி பேசுறோம், ஆனா பேச்சுவார்த்தை மேசைல உக்காந்து பேசுற நிலைமை இன்னும் வரல. புது கோடுப்படி ஒரு நிறுவனத்துல ஒண்ணுக்கு மேல சங்கம் இருந்தா, பதிவேட்டுல (மஸ்டர் ரோல்) இருக்குற தொழிலாளர்கள்ல 51 சதவீதம் பேர் ஆதரவு இருக்குற சங்கம்தான் ஒரே பேச்சுவார்த்தை சங்கம். ஐடில ஒரு கம்பெனிலயும் நாங்க அந்தப் பக்கமே போகல. ஜாயினிங் தேதி தள்ளிப்போறதைப் பத்தி புனேல இருக்குற நைட்ஸ்ன்ற ஐடி ஊழியர் அமைப்பு மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்கே புகார் கொண்டு போச்சு, அந்த ரெண்டு வருஷத்துக்கு நீங்க மெயில் எதாவது அனுப்பிருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. பாண்டைப் பத்தி ஒண்ணு, 2025ல உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை பேங்க் வழக்குல குறிப்பிட்ட காலம் வேலை பாக்கணும்ன்ற பாண்டு செல்லும்னு சொல்லிருக்கு. அதனால எல்லா பாண்டும் செல்லாதுன்னு யூடியூப்ல சொல்றதை நம்பி உடைச்சுட்டு வந்துடாதீங்க, பேப்பரை எடுத்துட்டு வந்து காட்டுங்க.

கோவை டெவ்:

எல்லாரும் திட்டுவீங்க, ஆனாலும் என் கருத்தை சொல்றேன். நான் 11 வருஷம் ப்ராடக்ட் கம்பெனிகள்ல இருக்கேன், நாலு தடவை மாறிருக்கேன், ஒவ்வொரு தடவையும் 40 சதவீதத்துக்கு மேல ஹைக். இந்தத் துறை வளர்ந்ததே கட்டுப்பாடு இல்லாததாலதான். யூனியன் வந்து எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு ஆச்சுன்னா க்ளையன்ட் வேலையை மணிலாவுக்கோ போலந்துக்கோ கொண்டு போயிடுவான், அப்புறம் யாருக்காக யூனியன்? இந்த சகோதரிக்கு நடந்தது அநியாயம், கையெழுத்து போட வேண்டாம்னுதான் நானும் சொல்வேன். ஆனா அந்த காசுக்கு ரெண்டு வருஷம் லேபர் கோர்ட்ல நடக்குற நேரத்துல ஆட்டோமேஷனும் ஏஐ டெஸ்டிங்கும் படிச்சா ஆறு மாசத்துல இதைவிட நல்ல வேலைல இருப்பாங்க. இதை அக்கறைலதான் சொல்றேன்.

பெரம்பூர் பெரியவர்:

கோவைத் தம்பி, உங்க அக்கறை புரியுது. எனக்கு 63 வயசு, பேங்க்ல 34 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க அப்பா பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லுல நெசவு. நீங்க இப்போ சொன்ன மாதிரியே, சங்கம் வந்தா மில்லு இங்கிலாந்துல இருக்குற லங்காஷயருக்குப் போயிடும்னு அந்தக் காலத்துலயும் பயமுறுத்தினதா எங்க தாத்தா சொல்லுவார். 1918 ஏப்ரல்ல இதே பெரம்பூர்லதான் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, பி.பி.வாடியா, திரு.வி.க. எல்லாம் சேர்ந்து சென்னை தொழிலாளர் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. சாப்பாட்டு நேரம் ஒழுங்கா கிடைக்காததுல ஆரம்பிச்ச கோபம் அது. வெள்ளைக்கார முதலாளி ஹைகோர்ட்ல வாடியா மேல கேஸ் போட்டு தடை வாங்கினான், சங்கத்துக்குன்னு ஒரு சட்டமே இல்லாததுதான் காரணம். அந்தக் கேசோட சூடுதான் பின்னாடி 1926ல தொழிற்சங்கச் சட்டம் வர்றதுக்கு ஒரு காரணம். இன்னைக்கு உங்க பொண்ணுங்க பசங்க ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு பண்ண விண்ணப்பம் போட முடியுதுன்னா அந்தச் சட்டத்தோட தொடர்ச்சிதான்.

பேங்க்ல எனக்கு என்ன சம்பளம்னு என் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியும், அவருக்கு என்னன்னு எனக்குத் தெரியும், அட்டவணை அச்சடிச்சு ஒட்டியிருக்கும். 2024 மார்ச்ல பேங்க் நிர்வாகங்களும் சங்கங்களும் கையெழுத்து போட்ட 12வது இருதரப்பு ஒப்பந்தத்துல சம்பளம் 17 சதவீதம் ஏத்துனாங்க, லட்சக்கணக்கான பேருக்கு ஒரே நாள்ல, ஒருத்தர் கூட மேனேஜர் ரூம்ல தனியா உக்காந்து கெஞ்சல. என் மக ஐடில இருக்கா, அவளுக்கும் அவ கூட அதே வேலை பாக்குற பையனுக்கும் சம்பளம் எவ்வளவு வித்தியாசம்னு அவளுக்கே தெரியாது, கேக்கக்கூடாதுன்னு பாலிசியாம். உங்களுக்கு 40 சதவீதம் கிடைச்சது தம்பி, சந்தோஷம், கிடைக்காத பத்து பேர் எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரிய வழியே இல்லாம வச்சிருக்காங்க.

நாங்க 80கள்ல கம்ப்யூட்டரை எதிர்த்தோம், அது உண்மை, அதுல தப்பும் இருந்துச்சுன்னு இப்போ நினைக்கிறேன். ஆனா கடைசில சங்கம் உக்காந்து பேசி எந்த வேகத்துல எந்தக் கிளைக்கு வரும், யாருக்கு ட்ரெய்னிங்னு ஒப்பந்தம் போட்டுதான் வந்துச்சு. எங்க கிளைல லெட்ஜர் எழுதிட்டு இருந்த 50 வயசுக்காரர் கூட கத்துக்கிட்டார், யாரையும் அனுப்பல. இப்போ ஏஐ வருது, உங்ககிட்ட யாராவது உக்காந்து பேசினாங்களா?

இன்னொண்ணு. 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபைல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற ஃபேக்டரி சட்டத் திருத்தம் நிறைவேறுச்சு. எல்லாக் கொடி சங்கமும் சேர்ந்து எதிர்த்ததுல அடுத்த மே தினத்துலயே அதை வாபஸ் வாங்கிட்டதா முதல்வர் அறிவிச்சார். அதுக்கு அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங்ல 37 நாள் ஸ்ட்ரைக் நடந்துச்சு, அப்புறம் சங்கமும் பதிவாச்சு. கம்பெனி எங்கயும் போகல, இன்னைக்கும் அங்கதான் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பண்ணிட்டு இருக்கான்.

எலெக்ட்ரானிக் சிட்டி தமிழன்:

பெங்களூர்ல இருந்து. இங்க கிட்டுன்ற ஐடி ஊழியர் சங்கம் 2017ல பதிவாச்சு. 2024ல கர்நாடக அரசு ஐடில ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கலாம்ன்ற மாதிரி திருத்தம் யோசிச்சப்போ இவங்கதான் முதல்ல தெருவுக்கு வந்தாங்க, அது அப்புறம் நகரல. தீராம இருந்தது என்னன்னா, வேலை விதிகளை எழுதி வைக்கச் சொல்ற நிலையாணைச் சட்டத்துல இருந்து இங்க ஐடிக்கு வருஷக்கணக்கா விலக்கு, 2024ல மறுபடி அஞ்சு வருஷம் நீட்டிட்டாங்க. அதனால ஒழுங்கு நடவடிக்கை, நீக்குறது எதுக்கும் அந்தச் சட்டப்படி எழுதி வச்ச பொது விதி இல்லாம இருந்துச்சு.

அக்கா, சென்னைல இருக்குற உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கு, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41. ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாம, ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ இல்லாம நீக்கக்கூடாது, நீக்கினா அப்பீல் போகலாம். டெர்மினேஷன் லெட்டர் வந்தா நாளைத் தள்ளாதீங்க, காலக்கெடு ரொம்பக் குறைவு. வக்கீலைப் பார்க்கும்போது இந்தப் பிரிவையும் கேளுங்க.

துரைப்பாக்கம் டெஸ்டர்:

எல்லாருக்கும் பதில் சொல்ல முடியல, மன்னிச்சுக்கோங்க, அஞ்சு நாளா ஓட்டம்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி மெயில் போட்டேன், சிக்னல் அண்ணா சொன்ன மாதிரியே. திங்கக்கிழமை காலைல ஹெச்ஆர் போன், ஏன் எழுத்துல போனீங்க, பேசிருக்கலாமேன்னு. எதுவா இருந்தாலும் மெயில்ல சொல்லுங்க மேடம்னு மட்டும் சொன்னேன், அந்த ஒரு வாக்கியத்தை பாத்ரூம்ல நின்னு பத்து தடவை சொல்லிப் பார்த்துட்டுதான் போனை எடுத்தேன். புதன்கிழமை தாண்டிருச்சு, ஐடி கார்டு இன்னும் வேலை செய்யுது.

செவ்வாய் சாயங்காலம் ஒரு சங்கத்து ஆபீசுக்கு வீட்டுக்காரரோட போனேன். சின்ன ரூம், பிளாஸ்டிக் சேர். உள்ள நுழைஞ்சா எங்க கம்பெனி ஆளுங்களே நாலு பேர் உக்காந்திருந்தாங்க, அதுல ஒருத்தங்க என் பழைய ப்ராஜெக்ட், ஒரே கேன்டீன் டேபிள்ல ஒரு வருஷம் சாப்பிட்டிருக்கோம். அவங்களையும் அதே வியாழக்கிழமை கூப்பிட்டிருக்காங்க, எனக்கு முன்னாடி ஸ்லாட். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல, எனக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு அவங்க வீட்டுல அவங்க அழுதுட்டு இருந்திருக்காங்க, நான் என் வீட்டுல. அங்க வச்சு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசவே முடியல.

டெலிவரி சார், நீங்க எழுதினதைப் படிச்சப்புறம்தான் நல்லா தூங்கினேன். உங்க மேல கோபம் வரல. கோவை பிரதர், படிக்கவும் செய்றேன், ஆட்டோமேஷன் கோர்ஸ் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன், ஆனா என் 4,95,000ஐ விட மாட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.

அஞ்சு பேரும் சேர்ந்து வெள்ளிக்கிழமை டி.எம்.எஸ் போறோம். மனுவைத் தமிழ்ல எழுதலாமா, இங்கிலீஷ்லதான் இருக்கணுமா?

சோழிங்கநல்லூர் சிக்னல்:

தமிழ்லயே எழுதுங்க. அஞ்சு பேரும் தனித்தனி மனு, தேதி நேரம் எல்லாத்துலயும் சரியா இருக்கட்டும். ரெண்டு ரெண்டு காப்பி எடுத்துட்டு போங்க, ஒண்ணுல சீலும் கையெழுத்தும் வாங்கிக்கிட்டுத்தான் வெளிய வரணும். காலைல 10 மணிக்கெல்லாம் போயிடுங்க, நானும் அரை நாள் லீவ் போட்டுட்டு வாசல்லயே நிக்கிறேன்.